நியோனிக் மருந்தை எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது

மருந்துக்கடையில் போய் "தத்துப்பூச்சி விழுந்திருக்கு, நல்ல மருந்தா கொடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்தாகத்தான் இருக்கும். போன முறை புட்டி, இந்த முறை பாக்கெட். கம்பெனி வேறு, விலை வேறு, ஆனால் உள்ளே இருப்பது ஒரே இனம். "அது கேட்கலை, வேற வாங்கி அடிச்சேன், இதுவும் கேட்கலை" என்று சொல்பவர்களிடம் இரண்டையும் எடுத்துவரச் சொல்லி லேபிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் பெயர் நியோனிகோட்டினாய்டு, சுருக்கமாக நியோனிக். இந்த மருந்து செடிக்கு மேலே நிற்பதில்லை, உள்ளே போய்விடுகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், கீழே சொல்லும் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

முதல் வேலை: பிராண்டை விட்டு உள்ளே இருக்கும் பெயரைப் படியுங்கள்

லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், சதவீதத்தோடு இருப்பதுதான் மருந்தின் பெயர். இமிடாகுளோப்ரிட், தயாமீத்தாக்ஸாம், அசிட்டாமிப்ரிட், குளோத்தியானிடின், டைனோடெஃபுரான், தயாகுளோப்ரிட், நைட்டன்பைரம் ஆகிய ஏழும் நியோனிக். நம் ஊரில் அதிகம் புழங்குவது முதல் ஐந்து. கான்ஃபிடார் என்றால் இமிடாகுளோப்ரிட், ஆக்டாரா என்றால் தயாமீத்தாக்ஸாம் என்று இரண்டையாவது நினைவில் வையுங்கள். தயாமீத்தாக்ஸாம் செடிக்குள்ளும் பூச்சிக்குள்ளும் போனபின் குளோத்தியானிடினாக மாறிவிடுகிறது, ஆகவே இதை விட்டு அதற்குப் போனால் மருந்தை மாற்றியதாகவே ஆகாது.

கலவை மருந்துகளில்தான் இன்னும் ஏமாறுவோம். தயாமீத்தாக்ஸாமுடன் லாம்டா சைஹலோத்ரின் சேர்த்தது, இமிடாகுளோப்ரிட்டுடன் பீட்டா சைஃப்ளூத்ரின் சேர்த்தது என்று பல வருகின்றன. பெயரில் கூட்டல் குறி இருந்தால் இரண்டு பக்கத்தையும் படியுங்கள். பூச்சிமருந்துகளை வேலை செய்யும் விதத்தை வைத்து உலக அளவில் எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். நியோனிக்குகளின் எண் 4ஏ. இந்த எண் பின்னால் தேவைப்படும்.

இது எங்கிருந்து வந்தது

புகையிலையை ஊறவைத்து, கொதிக்கவைத்து, சோப்பு கலந்து அசுவினிக்கு அடிப்பது நம் தாத்தா காலத்து வழக்கம். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். அதில் வேலை செய்வது நிகோட்டின். ஆனால் அது மனிதனுக்கும் கடுமையான விஷம், வெயிலில் சீக்கிரம் கெட்டும் போகும்.

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நித்தியாசின் என்றொரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். பூச்சியை நன்றாகக் கொன்றது. வெளிச்சம் பட்டதும் சிதைந்துபோனதால் வயலுக்கு வரவில்லை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர் ஜப்பானின் ஷின்சோ ககாபு. ஜெர்மனியின் பேயர் கம்பெனியோடு இணைந்த ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் நெல் தத்துப்பூச்சியின் மேல் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். நிகோட்டினில் இருப்பதைப் போன்ற ஒரு பிரிடின் வளையத்தை, குளோரின் ஒன்றைச் சேர்த்து, நித்தியாசினின் சாயலில் இருந்த உடம்போடு இணைத்தார். வெளிச்சத்தில் உடைகிற பகுதியை மாற்றி, தாங்கும் பகுதியை வைத்தார். 1985இல் இமிடாகுளோப்ரிட் பிறந்தது, 1991இல் விற்பனைக்கு வந்தது. நிப்பான் சோடா, டகேடா, மிட்சுயி என்று மற்ற ஜப்பானிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. ஆக, இது நெல் வயலுக்காகப் பிறந்த மருந்து, நெல் வயலிலேயே பின்னால் தோற்கவும் செய்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

பூச்சிக்குள் என்ன நடக்கிறது

நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி தாவும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருள் தூது போகிறது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஏற்பியில் போய் உட்காரும், கதவு திறக்கும், செய்தி போகும். வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து அதை வெட்டிப்போட்டுவிடும், கதவு மூடும். நியோனிக் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் அந்த நொதியால் இதை வெட்ட முடியாது. கதவு திறந்தபடியே நிற்கும். பூச்சி முதலில் பரபரக்கும், பிறகு நடுங்கும், சாறு உறிஞ்சுவதை நிறுத்தும், கால் இழுத்துக்கொண்டு செத்துவிடும்.

நமக்கும் இதே ஏற்பி இருக்கிறது. அப்படியானால் நமக்கு ஏன் அதே வேகத்தில் ஏறுவதில்லை? நிகோட்டின் உடம்புக்குள் நேர்மின்னூட்டம் ஏற்று, பாலூட்டிகளின் ஏற்பியில் கச்சிதமாகப் பொருந்துகிறது. நியோனிக்கில் அந்த மின்னூட்டம் கிடையாது. அதற்குப் பதிலாக எதிர்மின் சாயல் கொண்ட ஒரு முனை இருக்கிறது, அது பூச்சியின் ஏற்பியில்தான் இறுக்கமாக மாட்டும். இதை வைத்துத்தான் "மனிதனுக்குப் பாதுகாப்பு" என்று விற்றார்கள். பழைய பாஸ்பரஸ் மருந்துகளோடு ஒப்பிட்டால் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் பூச்சி என்றால் எல்லாப் பூச்சியும்தான். தத்துப்பூச்சியின் ஏற்பியும் தேனீயின் ஏற்பியும் பொறிவண்டின் ஏற்பியும் இதற்கு ஒன்றுபோலத்தான்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இமிடாகுளோப்ரிட்டை வாய்வழியாக உண்ணும் தேனீக்களில் பாதி சாக, ஒரு தேனீக்குச் சுமார் 4 நானோகிராம் போதும் (ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்). 17.8 சதவீத எஸ்.எல். (தண்ணீரில் கரையும் திரவ வடிவம்) மருந்து ஒரு மில்லியில் கிட்டத்தட்ட 200 மில்லிகிராம் இருக்கிறது. அது 5 கோடி தேனீக்கான அளவு. ஒரு மில்லி!

செடிக்குள் போவதுதான் விஷயமே

இது தண்ணீரில் கரையும். விதையில் பூசினால் முளைக்குள் ஏறும், வேரில் ஊற்றினால் தண்டு வழியாக ஏறும், இலையில் அடித்தால் இலைக்குள் இறங்கும். அதனால்தான் மடிந்த இலைக்கு உள்ளே ஒளிந்திருக்கும் அசுவினிகூடச் சாகிறது. அதே காரணத்தால்தான் மகரந்தத்திலும் தேனிலும், அதிகாலையில் நாற்றின் நுனியில் துளித்து நிற்கும் நீரிலும் அது இருக்கிறது. மழை பெய்தாலும் கழுவிப் போகாது.

பூத்த வெண்டையில் காலை எட்டு மணிக்கு இமிடாகுளோப்ரிட் அடித்தவன் நான். மரத்தடியில் இரண்டு தேனீப் பெட்டி இருந்தது, அது பூவுக்கு வரும் நேரம் என்று யோசிக்கவே இல்லை. மறுநாள் பெட்டி வாசல் பலகையில் தேனீக்கள் மல்லாந்து கிடந்து, ஆறு காலும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். நாக்கு வெளியே நீட்டியபடி, சிறகை அடிக்கப் பார்த்து, வட்டம் வட்டமாகச் சுற்றியது. செத்துப் போனதைவிட, வாசலுக்கு அரை அடி தள்ளி இறங்கி உள்ளே போக வழி தெரியாமல் தவித்தவைதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன.

அது என் கற்பனை அல்ல என்று பிறகு தெரிந்தது. பிரான்சில் தேனீயின் முதுகில் சின்ன மின்னணுப் பட்டை ஒட்டி, கொல்லாத அளவு தயாமீத்தாக்ஸாம் கொடுத்துப் பறக்கவிட்டபோது கணிசமானவை கூடு திரும்பவில்லை. இது 2012இல் வெளியானது. 2015இல் இன்னொரு ஆய்வு, இமிடாகுளோப்ரிட்டோ தயாமீத்தாக்ஸாமோ கலந்த சர்க்கரைத் தண்ணீரையும் வெறும் சர்க்கரைத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தால் தேனீக்கள் மருந்து கலந்ததையே அதிகம் குடித்தன என்று காட்டியது. அவற்றுக்கு அதன் சுவை தெரியவில்லை. தானாக விலகிப் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

ஜெர்மனியில் 2008 வசந்தத்தில், ரைன் நதிக்கரைப் பகுதியில், குளோத்தியானிடின் பூசிய மக்காச்சோள விதையைக் காற்றழுத்த இயந்திரத்தால் விதைத்தபோது பூச்சு உதிர்ந்து தூசாகப் பறந்தது. 11,000க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இமிடாகுளோப்ரிட், குளோத்தியானிடின், தயாமீத்தாக்ஸாம் மூன்றுக்கும் தேனீ நாடும் பயிர்களில் தடை போட்டது, 2018இல் திறந்த வெளியில் எந்தப் பயிருக்கும் கூடாது என்று முடிவெடுத்தது. நம்மிடம் அவை இன்னும் கடையில் இருப்பதால் முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

அடிக்கலாமா என்று எப்படி முடிவு செய்வது

எந்தப் பூச்சி என்று முதலில் பாருங்கள். சாறு உறிஞ்சுபவைதான் இந்த மருந்தின் இலக்கு: தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், புகையான். காய்ப்புழுவுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் இதை அடித்தால் காசும் போச்சு, நன்மை செய்யும் பூச்சியும் போச்சு. செஞ்சிலந்தி பூச்சியே அல்ல, அதற்கு இது கேட்காது. அதைத் தின்னும் பூச்சிகள் செத்துவிடுவதால் செஞ்சிலந்தி பெருகவும் செய்யும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் வண்டுக்காக எல்ம் மரங்களுக்கு இமிடாகுளோப்ரிட் கொடுத்தபின் செஞ்சிலந்தி வெடித்துப் பரவியது பதிவான விஷயம்.

அடுத்து எண்ணுங்கள். பருத்தியில் காலையில் இறங்கி, அங்கங்கே 50 இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தத்துப்பூச்சி 50ஐத் தொடவில்லை என்றால் மருந்து வேண்டாம். நெல்லில் இரண்டு தூரை விரித்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தண்டைப் பாருங்கள். புகையான் ஒரு தூருக்குள் எத்தனை தண்டு இருக்கிறதோ அத்தனை இருந்தால் எல்லை. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அந்தச் சிலந்தி உங்களுக்காகக் கூலி வாங்காமல் வேலை செய்கிறது.

விதை ஏற்கெனவே பூசியதா என்று பாருங்கள். கடைப் பருத்தி விதை சிவப்போ நீலமோ கலரில் வந்தால் பெரும்பாலும் இமிடாகுளோப்ரிட்டோ தயாமீத்தாக்ஸாமோ ஏறியிருக்கும், பாக்கெட் பின்னால் எழுதியிருப்பார்கள். அப்படியானால் முதல் ஒரு மாதம் அதே 4ஏ மருந்தைத் திரும்ப அடிக்க எந்தக் காரணமும் இல்லை. விதைக்கும்போது கையுறை போடுங்கள், மண்ணுக்கு மேலே சிந்தியதை மூடுங்கள், குருவியோ கோழியோ பொறுக்கக்கூடாது. மீந்த விதையை ஆட்டுக்கு வைத்துவிடவே வேண்டாம்.

பூ இருக்கிறதா? இருந்தால் நிறுத்துங்கள். "சாயங்காலம் அடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாது" என்பது பாதி உண்மைதான். நேரடியாக மேலே படாது, சரி. ஆனால் மருந்து செடிக்குள் இறங்கி நாளைய பூவின் தேனில் வரும். மாமரத்தில் தத்துப்பூச்சிக்கு அடிக்கத்தான் வேண்டும் என்றால் பூங்கொத்து தலைகாட்டும்போதே, மொட்டு விரியும் முன் முடித்துவிடுங்கள். பூ விரிந்தபின் அடித்தால் காய் பிடிக்கவைக்கும் ஈக்களையும் தேனீக்களையும் நீங்களே விரட்டுகிறீர்கள். எள், சூரியகாந்தி, பூசணி, கொத்தமல்லி எல்லாவற்றுக்கும் இதுதான். உங்கள் பயிர் பூக்காவிட்டாலும் வரப்பில் தும்பையும் நெருஞ்சியும் பூத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்ட சுருள் வெள்ளை ஈக்கு மருந்தே அடிக்க வேண்டாம். என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், அதுதான் இதைப் பிடித்து அடக்குகிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அது. ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சியடியுங்கள், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பொறி கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு மைதாப் பசைக் கரைசல் போதும். வேளாண் பல்கலைக்கழகமும் இதையேதான் சொல்கிறது.

அடிப்பதென்று முடிவானால்

அளவுதான் எல்லாரும் தவறும் இடம். பருத்திக்கும் நெல்லுக்கும் இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்.எல். லேபிளில் எக்டேருக்கு 100 முதல் 125 மில்லி என்று இருக்கும், அதாவது ஏக்கருக்கு 40 முதல் 50 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 10 லிட்டர் டேங்க் இருபது. 50ஐ 20ஆல் வகுத்தால் டேங்குக்கு இரண்டரை மில்லி. நாம் என்ன செய்கிறோம்? "ஒரு மூடி" ஊற்றுகிறோம். மூடியில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாள் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றை மருந்துக்கென்றே ஒதுக்கி, சிவப்பு டேப் சுற்றி, வீட்டுக்குள் வராமல் வையுங்கள். பவர் ஸ்பிரேயரில் தண்ணீர் குறைவாகப் போகும், அதற்கு ஏக்கர் அளவை வைத்துத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். வேறு சதவீதம், வேறு மருந்து என்றால் இந்த எண் செல்லாது, லேபிளைப் பார்த்துத் திரும்பப் போடுங்கள்.

பூஞ்சண மருந்தோடு கலக்காதீர்கள். அசிட்டாமிப்ரிட் இந்தக் குடும்பத்திலேயே தேனீக்கு மிகக் குறைந்த விஷம் உள்ளவற்றில் ஒன்று, தேனீயின் உடம்பில் அதைச் சிதைக்கும் நொதி இருப்பதால். ப்ரொபிகோனசோல் போன்ற பூஞ்சண மருந்துகள் அந்த நொதியையே கட்டிப்போடுகின்றன. இரண்டும் ஒரே டேங்கில் போனால் தேனீக்கு விஷம் பல மடங்கு ஏறும். "ஒரே கூலியில் இரண்டு வேலை" என்று நினைத்துத்தான் கலக்கிறோம், எனக்கும் புரிகிறது. இரண்டு நாளாகப் பிரித்து அடியுங்கள்.

ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். இங்கேதான் அந்த நெல் வயல் கதை. 2000களின் தொடக்கத்திலேயே ஆசியாவில் புகையான் இமிடாகுளோப்ரிட்டைத் தாங்கத் தொடங்கியது. தாய்லாந்து, வியட்நாம், சீனா, பிறகு மருந்து பிறந்த ஜப்பானிலும். மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை அது ஏராளமாகச் சுரக்கக் கற்றுக்கொண்டது. இன்று புகையானுக்கு இமிடாகுளோப்ரிட் அடிப்பது பெரும்பாலும் வீண். சைஹலோத்ரின் மாதிரி பைரித்ராய்டு என்ற வேறு குடும்பத்து மருந்து சேர்ந்த கலவையை அடித்தால் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்து, புகையான் முன்பைவிட அதிகமாக எழும்பும். முதலில் வயல் தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள், யூரியாவைக் குறையுங்கள், நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஒரு அடி நடாமல் இடைவெளி (பட்டம்) விடுங்கள், காற்றும் வெயிலும் தூருக்குள் போகட்டும். அப்புறமும் எல்லை தாண்டினால் பைமெட்ரோசின் மாதிரி வேறு எண்ணில் போய், தூரின் அடியைப் பார்த்து அடியுங்கள், தோகைக்கு மேலே அல்ல. பருத்தியிலும் ஒரு முறை 4ஏ போனால் அடுத்தது ஃப்ளோனிகாமிட் போன்ற வேறு எண்ணாக இருக்கட்டும்.

மீந்த கரைசலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், டேங்கையும் அங்கே கழுவாதீர்கள். விதையில் பூசியதில் பயிர் எடுத்துக்கொள்வது அதிகம் போனால் 20 சதவீதம், பல பயிரில் 5க்கும் கீழே. மீதி மண்ணில்தான் கிடக்கிறது, மாதக்கணக்கில், சில மண்ணில் வருடம் தாண்டியும். அங்கிருந்து தண்ணீரோடு போகும். ஜப்பானில் ஷின்ஜி என்றொரு ஏரி, சுற்றிலும் நெல் வயல். 1993இல் அங்கே நியோனிக் வந்தபின், மீனுக்கு இரையாகும் மிதவை உயிர்கள் சரிந்தன. வகசாகி என்ற சின்ன மீன் ஆண்டுக்கு 240 டன் பிடிபட்டது 22 டன்னாக இறங்கியது என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மருந்து மீனைக் கொல்லவில்லை, மீனின் சாப்பாட்டைக் கொன்றது. கழுவிய தண்ணீரை, அடித்த அதே வயலில், வாய்க்காலிலிருந்து தள்ளி, காய்ந்த மண்ணில் பரவலாக ஊற்றுங்கள். புட்டியை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே சேர்த்து, புட்டியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

அடித்தவருக்கு வாந்தி, வியர்வை, தலைசுற்றல், நடுக்கம் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், லேபிளோடு புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பூச்சிமருந்து" என்று மட்டும் சொல்லக்கூடாது. பழைய பாஸ்பரஸ் மருந்துக்கு மாற்று மருந்து உண்டு, நியோனிக்குக்குத் தனி மாற்று மருந்து கிடையாது, சிகிச்சையே வேறு. மருத்துவருக்கு அந்தச் சின்ன எழுத்துப் பெயர்தான் வேண்டும்.

பக்கத்தில் யாராவது தேனீப் பெட்டி வைத்திருந்தால் அடிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். வாசலை ஒரு இரவு அடைத்து வைத்தால் மேலே படுவதிலிருந்து தப்பிக்கும், பூவுக்குள் ஏறியதிலிருந்து தப்பிக்காது. அதனால் பெட்டியையே நகர்த்துவது நல்லது. இருட்டியபின், எல்லாம் உள்ளே அடங்கியதும், காற்று போகும்படி வாசலை வலையால் அடைத்துத் தூக்குங்கள். 3 கிலோமீட்டராவது தள்ளி வையுங்கள். அதற்குள் வைத்தால், மறுநாள் மேயப் போன தேனீ பழைய மரத்தடிக்கே திரும்பி வந்து நிற்கும்.